செய்தி வந்தால் போதும்

முறிந்த றெக்கைக்கு வைத்தியம் பார்க்கட்டும் என்று அணில் தன் கிரெடிட் கார்டை மைனாவிடம் கொடுத்தது. றெக்கை சரியானதும் மைனா கார்டோடு பறந்துபோனது. போன் போட்டாலும் எடுப்பதில்லை. வாங்கியதற்கெல்லாம் அணிலின் செல்போனுக்குச் செய்தி மட்டும் வந்துகொண்டே இருந்தது: ஆற்றங்கரையில் கொய்யா, மலையடிவாரத்தில் ஊஞ்சல், கடற்கரையில் கண்ணாடி. மழைக்காலத்துக்கென்று அணில் சேர்த்திருந்த கொட்டையெல்லாம் அந்தக் கடனுக்கே கரைந்தது.

பேங்க் ஆமைக்கே பொறுக்கவில்லை. "ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே கார்டை முடக்கிடறேன்."

அணில் வாலை மடியில் இழுத்து வைத்துக்கொண்டது. "முடக்கிடலாம் சார். அப்புறம் அவ எங்கே இருக்கா, சாப்பிட்டாளா இல்லையான்னு எனக்கு யார் சொல்லுவா?"

செல்போன் சிணுங்கியது. கடற்கரையில் சுட்ட சோளம்.

"சாப்பிட்டுட்டா சார்" என்றது, காலையிலிருந்து பட்டினி கிடந்த அணில்.