கடலுக்குக் கெடுதல் இல்லாதது

குத்தாலம் மெடிக்கல் ஷாப்பில் கடைக்காரர் எடுத்துப் போட்ட ஆறு சன்ஸ்கிரீனையும், சுகந்தியின் அண்ணி விஜயலட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். சிங்கப்பூரிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது.

“எல்லாத்துலயும் ஆக்ஸிபென்சோன் இருக்கு. இதைப் பூசிக்கிட்டு இறங்கினா கடல்ல இருக்கிற உயிரெல்லாம் என்னத்துக்கு ஆகும்? இந்த ஊர்ல யாருக்காவது இது தெரியுமா?”

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க.”

“எப்படிக் கேப்பாங்க?” அண்ணி உதட்டைப் பிதுக்கினாள்.

ஜிங்க் மட்டும் கலந்த ஏழாவது டியூபுக்குத்தான் அவளுடைய அருள் கிடைத்தது.

அண்ணன் காத்திருந்த காரில் ஏறியதும் அண்ணி சுகந்தியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நீ என்ன பூசியிருக்கே?”

“சாதா கிரீம்தான் அண்ணி.”

“துடைச்சிடு. கடல் என்ன உங்க வீட்டுக் குப்பைத்தொட்டியா?”

சுகந்தி துடைத்தாள். கடலைப் பெற்றவளே தான்தான் என்பதுபோல் அண்ணி பூம்புகார் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள்.

அங்கே அண்ணனும் அண்ணியும் மூன்று முழுக்குப் போட்டார்கள். கரையேறி உடை மாற்றிய அண்ணி, தன் பாலியெஸ்டர் புடவையையும் அண்ணனின் ஜீன்ஸையும் ஒன்றாகச் சுருட்டிக் கடலில் வீசினாள்.

“அண்ணி, என்ன பண்றீங்க?”

“திரும்பிப் பார்க்காம வா. உடுத்தின துணியைக் கடல்ல விட்டாத்தான் உங்க அண்ணனுக்கு ஏழரைச் சனி விலகும்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. அதுக்குத்தானே வந்தோம்?”

சுகந்தி நின்று, நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

“புடவை லேபிளைப் படிச்சீங்களா அண்ணி?”