சைக்கிள் ஏறாத வாரம்

ஜெல் சில்லென்று பட்டதும் அவர் கண்களை மூடிக்கொண்டார்.

இடுப்புக்குக் கீழே பச்சைத் துணி. துணிக்கடியில் ஸ்கேன் கருவி ஊர்ந்தது. அதைப் பிடித்திருந்த டாக்டருக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும்.

வலது விதை கனத்திருந்தது. நான்கு மாதமாக.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட நாளிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை. மூலனூரில் முப்பத்தாறு வருடம் தபால்காரராக இருந்தவர். எத்தனையோ வீடுகளுக்குக் கெட்ட செய்தி கொண்டுபோனவருக்குத் தன் வீட்டுக்குள் மட்டும் அதைக் கொண்டுபோக முடியவில்லை.

மனைவி துளசிமணிதான் கண்டுபிடித்தாள். அவர் உட்காரும் விதத்தை வைத்தே. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தாராபுரம் கூட்டிவந்துவிட்டாள். இப்போது தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவருடைய மூக்குக்கண்ணாடி.

கருவி நின்றது.

நகர்ந்தது. திரும்ப அதே இடத்துக்கு வந்தது.

புற்றுதான் என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா, ஐயா?"

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

செய்திருந்தால் இந்தப் படத்துக்குக் காரணம் விளங்கிவிடும், இல்லையென்றால் மேற்கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

பக்கத்தில் துளசிமணி.

இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது.

இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. இன்னொரு பிரசவத்தை உடம்பு தாங்காது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அவள் கேட்கவில்லை. ஒரு ஆண் குழந்தை வேண்டுமென்று கோயில் மரத்தில் தொட்டில் கட்டினாள். கட்டும்போது கயிற்றை அவர்தான் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம், கோயம்புத்தூரில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அவள் ஆண் குழந்தைப் பேச்சை எடுக்கவே இல்லை. சாமிமேல் மனத்தாங்கல் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் ஆசையைத் திருடியவன் தான்தான் என்று ஒரு நாளும் சொல்ல வாய் வரவில்லை.

இல்லை என்று சொல்லிவிடலாம். சோதனை செய்தால் செய்யட்டும்.

வாயைத் திறந்தார்.

"பண்ணியிருக்காருங்க" என்றாள் துளசிமணி.

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சின்னவளுக்கு ஒரு வயசு அப்போ. ஒரு வாரம் சைக்கிள்ல ஏறவே இல்லீங்க. தபால் பையோட தள்ளிக்கிட்டே போனாரு. வேட்டியில ரத்தக் கறை வேற. நாந்தான தொவைச்சேன்."

டாக்டர் தலையாட்டிவிட்டுக் கருவியை எடுத்தார்.

புற்றுக்கட்டி இல்லை என்றார் டாக்டர். விதைக்குள் இருக்கும் நுண்குழாய்கள் விரிந்து நீர் தேங்கியிருக்கிறது. மேலே ஒரு சின்ன நீர்க்கட்டி, கனம் அதனால்தான். அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வயதான காலத்தில் இப்படி வருவதுண்டு. கெடுதல் இல்லை. மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

அவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

டாக்டர் ரிப்போர்ட் எழுதப் போனார். துளசிமணி டிஷ்யூ காகிதத்தை உருவி, ஜெல்லைத் துடைத்துவிட்டாள். கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தார்கள். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவர் கேட்டார், கோபம் வரவில்லையா என்று.

"வராம என்னங்க. ரெண்டு நாள் கொழம்புல உப்பே போடல. நீங்க பேசாமத் தின்னீங்க. மூணாம் நாள் எனக்கே மனசு கேக்கல."

மூலனூர் பஸ் வந்து நின்றது. உட்கார இடம் இருந்தது.

இருவரும் எழுந்திருக்கவில்லை.

பஸ் போனது. அவள் சற்று நகர்ந்து, அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ரொம்ப வலிச்சுதுங்களா?" என்று கேட்டாள்.