கறுப்புக் கால்சட்டையில் ஒரு கோடு

மருத்துவமனைக் கட்டிலில் வெயில் விழுந்து கிடக்கிறது. அதில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார் தையற்காரர். இடக்காலைச் சுண்டியிழுக்கும் வலியால் பல வாரங்களாக அவர் தையல் இயந்திரத்தை மிதிக்கவில்லை. “வலி போற வழியை நீங்களே வரைஞ்சு காட்டுங்க,” என்கிறார் மருத்துவர். துணியில் குறியிடும் சாக்பீஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, இடுப்பில் தொடங்கித் தொடையின் பின்புறமாகக் கால்சட்டையின்மேல் கோடிழுக்கிறார். முழங்காலுக்குக் கீழே கை எட்டவில்லை. சாக்பீஸை உடன் வந்திருக்கும் மனைவி வாங்கிக்கொள்கிறாள். “ஊருக்கே அளவெடுத்தவருக்கு இன்னிக்கு நான் அளவெடுக்கறேன்.” “அங்க இல்லடி, வெளிப்பக்கமா... ஆ, அதேதான்.” கோடு புறங்காலைக் கடந்து பெருவிரலில் நிற்கிறது. “என் கால் இனி அவ்வளவுதானா டாக்டர்?” என்கிறார் தையற்காரர். மருத்துவர் சுவரிலிருந்த படத்தை அருகில் கொண்டுவருகிறார். தோலில்லாத மனித உருவத்தில், முதுகெலும்பின் அடியில் புறப்படும் மஞ்சள் நரம்பு அதே வளைவுகளில் இறங்கி, அதே விரலுக்குத் தன் கிளையை அனுப்புகிறது. ஒருபோதும் பார்த்திராத ஒன்றைப் பிசகாமல் வரைந்துவிட்ட தம்பதியர் கோட்டையும் படத்தையும் மாறிமாறிப் பார்க்கிறார்கள். “நரம்பு இடுப்புல நசுங்குது, கால் கத்துது. நான் அழுத்தறேன், விரலைத் தூக்குங்க. தூக்கிட்டா நரம்புல பலம் இருக்கு, மறுபடி மெஷின் மிதிக்கலாம்.” மனைவியின் கைக்குள் சாக்பீஸ் நொறுங்குகிறது. கோட்டின் முனையில் வெள்ளைப் பொடி உதிர, மருத்துவரின் கட்டைவிரலையும் சுமந்துகொண்டு, மெல்ல எழுகிறது பெருவிரல்.