பத்து ஆம்பியர்

பைக்கின் சீட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

ஃபியூஸ் பெட்டியின் மூடி விரலுக்குப் பணியவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். மூன்றாவது குழி காலியாக இருந்தது.

நாற்பத்தோரு நாளாகக் காலியாக இருக்கிறது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஃபியூஸ் அவள் உள்ளங்கையில் இருந்தது. சிவப்பு நிறம், நகத்தளவு, மேலே 10 என்று எழுத்து. பெட்டிக்கடையில் வைத்தால் மிட்டாய் என்று வாங்கிப் போவார்கள்.

சாயங்காலம் பட்டறையிலிருந்து ஆள் வருகிறார். வண்டியை ஏற்றிப் போவார். இந்த மூடியைத் திறந்த மாத்திரத்தில் கேட்பார், இதை யார் பிடுங்கியது என்று.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். அப்பா உள்ளே தூங்குகிறார். இதைவிட்டால் நேரம் வாய்க்காது.

பிடுங்கியது அவள்தான்.

அது ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே, ஏலத்தோட்டத்துப் பாதை. பிரேக் பிடிக்கையில் சக்கரம் இறுகிவிடாமல் காக்கிற ஏபிஎஸ், சரளைக்கல் சரிவில் தொல்லை. சக்கரம் வழுக்கும்போதெல்லாம் அதுவாகப் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். வண்டி நிற்பேனா என்று இறங்கிக்கொண்டே இருக்கும். புது வண்டிகளில் அதை அணைக்கப் பொத்தான் உண்டு. இவளுடையது பழசு. ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அவளோடு மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப மாட்டிவிட வேண்டும். அதையும் அவர்கள் செய்கிறார்கள்.

அவள் மறந்துவிட்டாள்.

மறுநாள் அப்பாவின் மொபெட் பஞ்சர். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். நல்ல மழை. குறுக்கே ஓர் ஆடு ஓடிவந்தது. பிரேக்கை அழுத்தியதும் சக்கரம் இறுகிக்கொண்டது. ஈரத் தாரில் வண்டி வழுக்கிப் போய் விழுந்தது.

இப்போது அவர் தொடையில் ஒரு கம்பி இருக்கிறது.

எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளை அரிப்பது எலும்பு அல்ல.

அப்பா கல்லூரிப் பேருந்து ஓட்டுநர். முப்பத்தொரு வருடம், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அந்தப் பெருமை ஒன்றுதான் அவர் சேர்த்துவைத்த சொத்து. கூட வேலை பார்க்கும் டிரைவர் முத்திருளாண்டி பார்க்க வந்தபோது நம்ப முடியாமல் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வண்டியில எதும் கோளாறாண்ணே?”

“வண்டி மேல குத்தமில்லப்பா. என் கை தளந்துபோச்சு,” என்றார் அப்பா. “இனிமே பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஸ்டியரிங்கத் தொடக்கூடாது.”

மறுவாரம் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

முத்திருளாண்டியிடம் அவர் அதைச் சொன்னபோது அவள் காபி டம்ளரோடு கதவருகில் நின்றிருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. சொன்னால் அம்மா அன்றைக்கே வண்டியை எடைக்குப் போட்டுவிடுவாள் என்று ஒரு பயம். அப்பா ஏறிட்டுப் பார்ப்பாரே என்று அதைவிடப் பெரிய பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

அந்த நாளை வரவேயில்லை.

வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒற்றை ஆளாகிப் போனாள். தானே தேடிக்கொண்டதுதான் என்று தெரியும். தெரிந்தும் அழுகை வந்தது.

ஃபியூஸைக் குழியில் வைத்து அழுத்தினாள். உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு சுலபம் என்று ஆத்திரமாக வந்தது.

சாவியைத் திருப்பினாள்.

மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஃபியூஸ் இல்லையென்றால் அது கடைசி வரை எரிந்துகொண்டே இருக்கும். ஃபியூஸ் இருந்தாலும் நின்ற இடத்தில் அணையாது. சக்கரம் கொஞ்சம் வேகமாக உருள வேண்டும்.

எஞ்சினைக் கிளப்பினால் அப்பா விழித்துக்கொள்வார்.

தள்ளினாள்.

வளைந்துபோன ஹேண்டில் வண்டியைச் சுவர்ப்பக்கமாக இழுத்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டு சந்தின் கோடி வரை ஓடினாள். விளக்கு எரிந்தது. திருப்பிக்கொண்டு மறுபடியும் ஓடினாள். எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பட்டப்பகலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இங்குமங்கும் ஓடுகிறவளைப் பார்த்துக் குரைத்து என்ன ஆகப்போகிறது.

மூன்றாவது தடவை, மூச்சு முட்டும்போது, விளக்கு அணைந்தது.

வண்டியை அப்பா படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினாள். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இதற்குத்தானே இத்தனை பாடும். சாகும் வரை இதைத் தனியாகச் சுமக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்திலேயே நின்று, சத்தம் வராமல் அழுதாள்.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அப்பா பேசினார். தூங்கி எழுந்தவர் குரலாகத் தெரியவில்லை.

“அந்த மஞ்ச லைட்டு அணஞ்சிருச்சா, ஆத்தா?”

அவள் சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தாள்.

“அன்னைக்கு நான் விழுற வரைக்கும் வழி நெடுக எரிஞ்சுக்கிட்டே வந்துச்சு.”

கட்டில் கிறீச்சிட்டது. அவர் கஷ்டப்பட்டுப் புரண்டு படுத்தார்.

“அம்மா வர்ற நேரம். மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வா.”

தண்ணீர்க் குழாய் நாலு எட்டில்தான் இருந்தது. அவளுக்குக் கால் நகரவில்லை.