பலகையில் இருந்த பெயர்

"குகன் விழுந்துட்டான்னு பலகையில ஒரு வார்த்தை காட்டியிருக்கலாம்ல..."

"காட்டியிருந்தா நீ முழுசா வந்து நின்னிருக்க மாட்ட..."

"நான் கேக்கறது அது இல்லக்கா..."

"முதல்ல ஹெல்மெட்டக் கழட்டுடா. பாதி வார்த்தை உள்ளயே போயிடுது."

தம்பி கழற்றவில்லை. முன்கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டான். கொட்டகைக்குள் அங்கும் இங்குமாக நடந்தான். ஒரு கையில் மட்டும் கையுறை.

வெளியே மலேசியாவின் செப்பாங் பந்தயத் திடல் அவன் பெயரைச் சொல்லி இரைந்துகொண்டிருந்தது. பாதி செப்பாங்தான். மீதிப் பாதி, எதிராளி குகனுக்காக அவன் ஊர் ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து வந்த கூட்டம். அது வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

உலகப் பட்டம் இவனுக்கு, இல்லையென்றால் குகனுக்கு என்று காலையிலேயே தெரியும்.

இப்போது அது அவள் தம்பிக்கு.

அவன் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஓட்டுகிறவன் காதுக்கு யார் குரலும் எட்டாது. சுற்றுக்கு ஒருமுறை, ஓடுதளத்தோரச் சுவருக்கு மேலே நீட்டுகிற பலகைதான் எல்லாம். பின்னால் யார், எவ்வளவு பக்கத்தில். கோவையில் முதல் பைக் பந்தயம் ஓட்டிய நாளிலிருந்து அந்தப் பலகை அவள் கையில்தான். வேறு யார் பிடித்தாலும் அவன் நம்ப மாட்டான்.

பாதிப் பந்தயத்தில், ஒன்பதாம் வளைவில் குகன் விழுந்தான். திரையில் பார்த்தாள். பலகையிலிருந்து அவன் பெயர்த் தகட்டை உருவக் கை போனது.

உருவவில்லை.

குகன். அரை நொடி.

அடுத்த சுற்றும் குகன். அரை நொடி.

ஆம்புலன்ஸ் வளாகத்தை விட்டுப் போன பிறகும், குகன். அரை நொடி.

"போன வருஷம் என்ன ஆச்சு? பின்னாடி யாரும் இல்லன்னு காட்டினேன். தொரை சாவகாசமா வந்தீங்க. ரெண்டாவது வளைவுலயே உருண்டீங்க. தோள்பட்டை போச்சு. எவனாவது துரத்தினா நீ விழறதில்லடா. சும்மா வர்றப்பத்தான் விழற."

அவன் நின்றான்.

"ஒன்பதாம் வளைவுல, எவனோ விழுந்திருக்கான்னு மஞ்சக் கொடி காட்டினதப் பாத்தேன்க்கா."

அவள் கையிலிருந்த பலகையைச் சுவரில் சாய்த்தாள்.

"டயர் தடுப்போரமா ரெண்டு பேர் குனிஞ்சிருந்தாங்க. நடுவுல ஒருத்தன் சாஞ்சு கிடந்தான். உடம்பெல்லாம் புழுதி, சட்டை நிறமே தெரியல. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்."

"நீ..."

"யாரோன்னு போயிட்டேன். குகன்தான் பின்னாடி வர்றானே."

நாலு வருடமாக அவனுக்கும் குகனுக்கும் பேச்சு கிடையாது. ஒரு தொடுதல், ஒரு சறுக்கல், பேட்டியில் வாய் தவறிய ஒரு வார்த்தை; அதோடு போயிற்று. மிச்சம் இருந்தது அந்தக் கட்டைவிரல் மட்டும். இவன் விழுந்தால் குகன் தலையைத் திருப்பிப் பார்ப்பான். இவன் விரலைக் காட்டுவான். அவன் விழுந்தால் இவன். எவ்வளவு வேகமானாலும் திரும்பிப் பார்க்காமல் கடந்ததில்லை.

"உசுருக்கு ஒண்ணும் இல்லடா. இடுப்பெலும்புதான் உடைஞ்சிருக்காம்."

சொன்ன பிறகுதான் அந்தத் 'தான்' அவளுக்கே உறைத்தது.

வாசலில் ஓர் ஆள் வந்து கையசைத்தான். மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். கொடியை ஏற்றத் தயாராக நிற்கிறார்கள்.

"போ. மூஞ்சியத் துடைச்சிட்டுப் போ. ரெண்டாவதா வந்தவன் கண்ணுக்கே நீ எட்டலையாம். அவ்வளவு தூரம் விட்டுட்டு வந்திருக்க. நம்ம நாட்டுப் பாட்டு போட்டா கொஞ்சம் சிரிடா."

ஹெல்மெட்டைக் கழற்றினான். முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. சுவரில் சாய்ந்திருந்த பலகையைப் பார்த்தான்.

பெயர் இன்னும் அதிலேயே இருந்தது.

அவள் குனிந்து தகட்டை உருவினாள். வியர்வையில் வழுக்கியது. மறுபடி உருவினாள்.

"இல்லக்கா, கடைசிச் சுத்துல குகன் உள்பக்கமா வண்டி மூக்கை நுழைச்சான். நான் வழி விடல. அந்த வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

தகடு கையோடு வந்தது.

"அப்ப எனக்குப் பின்னாடி வந்தது யாருக்கா?"