பதினேழாம் எண் பட்டை

தென்காசிப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடித்துடிப்பை அளந்து பள்ளிக் கணினிக்கு அனுப்பும் கைப்பட்டை வந்தது. வேல்விழி மட்டும் கையை நீட்டவில்லை.

“என் நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு ஊருக்கெல்லாம் எதுக்கு டீச்சர் தெரியணும்?”

தனக்குத் தோன்றாத கேள்வி இவளுக்குத் தோன்றியிருக்கிறதே என்று கிறிஸ்டி டீச்சர் வியந்துபோனாள். வேல்விழிக்கென்று வந்த பதினேழாம் எண் பட்டையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

மதியம் கணினித் திரையில் வேல்விழியின் பெயருக்கு நேரே எழுபத்திரண்டு என்று காட்டியது. அவளோ டீச்சருக்கு எதிரே வெறுங்கையோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். விளையாட்டு நேரத்தில் அவள் ஓட ஓட, எண் நூற்றைம்பதுக்கு ஏறியது.

டீச்சர் தலைமையாசிரியரை அழைத்துவந்து காட்டினாள். “வேண்டாம்னு சொன்ன பிள்ளையோட துடிப்பு நம்மகிட்ட இருக்கக் கூடாது சார்” என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே அந்தப் பெயரை அழித்தாள்.

பிறகு இழுப்பறையைத் திறந்தாள். பட்டை வேர்வையில் நனைந்திருந்தது.