காலி நாற்காலிகள்

தினமும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. வாடகைக்கு எடுத்துவந்த சிவப்பு நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒன்றிலும் ஆள் இல்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, நாற்காலிகளுக்குப் பின்னால் கைகட்டி நிற்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் போய் எவ்வளவோ காலமாயிற்று. இந்த நிற்பு மட்டும் போகவில்லை. உதவிப் பணம் தர லண்டனிலிருந்து வந்திருக்கும் அம்மையார் எதிரே உட்கார்ந்து, என்ன வேண்டுமென்று அவர்களே சொல்லட்டும் என்கிறார். திட்ட அதிகாரி அழகுராஜ் அதைத் தமிழில் சொல்கிறார். இதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், இதே ஒழுகும் கூரைக்குக் கீழே பிறந்தவர்.

“உக்காருங்க அத்தை. கூரை ஒழுகுறதச் சொல்லுங்க,” என்று கெஞ்சுகிறார். முன்னால் நிற்கும் குருவம்மாள், சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கித் திரிந்தவள், ஏற இறங்கப் பார்க்கிறாள். “நீங்களே அந்தம்மாவுக்குக் குடை புடிச்சிக்கிட்டு நிக்கிறீக. நாங்க எப்படி சார் உக்கார்றது?”

அழகுராஜ் அப்போதுதான் தன் கையைப் பார்க்கிறார். குடை பிடிக்கும்படி யாரும் சொல்லவில்லை. அம்மையாருக்குப் பக்கத்தில் அவருக்கென்று போட்ட நாற்காலியும் காலியாகத்தான் கிடக்கிறது.

“என்ன சொல்கிறார்?” அம்மையார் ஆவலோடு நிமிர்கிறார்.

“உங்களுக்கு நன்றி சொல்கிறார்,” என்கிறார் அழகுராஜ் ஆங்கிலத்தில். வெயில் சற்று நகர்ந்திருக்கிறது. குடையையும் அதற்கேற்ப நகர்த்திப் பிடிக்கிறார்.